‘எனக்கு ஊசியெல்லாம் வராது சிஸ்டர்’: ஓரெம் கோட்பாட்டை வார்டில் எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி: சேலத்தில் ஒரு மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் செவிலியராக இருக்கிறேன். ஏற்காட்டை அடுத்த மலைக் கிராமத்திலிருந்து 56 வயது அம்மா ஒருவர் சேர்ந்திருக்கிறார். காபித் தோட்டத் தொழிலாளி. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. வலது உள்ளங்காலில் புண். சுத்தம் செய்து, இப்போது ஆறி வருகிறது. மாத்திரைக்குச் சர்க்கரை அடங்காததால் 30/70 இன்சுலின் (வேகமாக வேலை செய்வது 30 பங்கு, மெதுவாக வேலை செய்வது 70 பங்கு கலந்தது), காலை 16 யூனிட், இரவு 10 யூனிட் என்று புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். நான்கு நாளில் டிஸ்சார்ஜ். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மகனும் மருமகளும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த அம்மாவோ, “எனக்கு ஊசியெல்லாம் வராது சிஸ்டர், நீங்களே போட்டு உட்டுருங்க” என்கிறார்.

ஓரெமின் சுயபராமரிப்புக் கோட்பாட்டைப் பரீட்சைக்காகப் படித்தோம். வார்டில் எல்லோருக்கும் ‘அறிவுக் குறைவால் சுயபராமரிப்புக் குறை, சுகாதாரக் கல்வி அளிக்கப்பட்டது’ என்று ஒரே வரியைத்தான் எழுதுகிறோம். அப்படி எழுதி அனுப்பிய ஒரு பெரியவர் ஒரே மாதத்தில் சர்க்கரை 400-க்கு மேல் ஏறித் திரும்பி வந்துவிட்டார். 30 படுக்கைக்கு இரண்டு பேர் இருக்கும் இடத்தில் இந்தக் கோட்பாட்டை நிஜமாகவே பயன்படுத்த முடியுமா?

செவிலியர், சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். முதலில் அந்த ‘அறிவுக் குறைவு’ வரியை விட்டுவிடுங்கள். பெரியவர் திரும்பி வந்ததற்குப் பாதிக் காரணம் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எல்லாக் குறைக்கும் அறிவின்மைதான் காரணம் என்று எழுதிவிட்டால், எல்லாவற்றுக்கும் மருந்து அறிவுரை என்று ஆகிவிடும். கண் தெரியாதவருக்கும் அறிவுரை, கை நடுங்குபவருக்கும் அறிவுரை, ஊசி வாங்கக் காசில்லாதவருக்கும் அறிவுரை.

டொரோதியா ஓரெம் அமெரிக்கச் செவிலியர். 1950-களின் இறுதியில் செவிலியர் பயிற்சிக்கான பாடத்திட்ட வழிகாட்டி ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பில் இருந்தபோது, ஒரு மனிதருக்கு எப்போது செவிலியர் தேவைப்படுகிறார் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். அதற்கான பதில்தான் 1971-இல் முழு நூலாக விரிந்தது. நோய் வந்துவிட்டது என்பதால் மட்டும் ஒருவருக்குச் செவிலியர் தேவைப்படுவதில்லை. தன் உடம்புக்காக அவர் செய்தாக வேண்டியவை, அவரால் செய்ய முடிந்ததைவிடக் கூடிப்போகும்போதுதான் தேவைப்படுகிறார். செய்தாக வேண்டியது எவ்வளவு, செய்யக்கூடியது எவ்வளவு, நடுவில் துண்டு விழுவது எங்கே, அந்தத் துண்டை யார், எப்படி நிரப்புவது? வார்டுக்கு இந்த நான்கு கேள்வியும் போதும். மற்ற கலைச்சொற்களெல்லாம் இந்த நான்குக்கும் விரிவுரைதான்.

செய்தாக வேண்டியவற்றிலிருந்து தொடங்குவோம். காற்று, தண்ணீர், உணவு, கழிவு, உழைப்பும் ஓய்வும், தனிமையும் கூட்டுறவும், ஆபத்திலிருந்து காப்பு, இயல்பாக வாழ்தல் என்று எட்டுப் பொதுத் தேவைகளை ஓரெம் சொல்கிறார். இந்த எட்டையும் ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள், அது போதும். அந்த அம்மாவுக்கு மூச்சிலும் கழிவிலும் சிக்கல் இல்லை என்றால் அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம். உங்கள் நேரம் நோயால் வந்து சேர்ந்த தேவைகளுக்குப் போகட்டும்.

அவற்றை எழுதும்போது செயலாக எழுதுங்கள். ‘பாதத்தைப் பராமரிக்க வேண்டும்’ என்று எழுதினால் வீட்டில் அதை யாரும் செய்ய முடியாது. எதை, எப்போது, எப்படி என்பது அதில் இல்லை. ‘இரவு படுக்கும் முன், கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து, டார்ச் அடித்து, இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும்’ என்று எழுதினால் அதைச் செய்ய முடியும். செய்தாரா இல்லையா என்று கேட்கவும் முடியும். இப்படி எழுதினால் அந்த அம்மாவுக்கு ஏழெட்டுச் செயல்கள் வரும்: இரண்டு வேளை ஊசி, ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள நேரக் கணக்கு, சர்க்கரை தாழ்ந்தால் உடனே செய்ய வேண்டியது, புண்ணின் மேல் எடை விழாமல் பார்ப்பது, கட்டு மாற்றுவது, பாதம் பார்ப்பது, இன்சுலினைக் கெடாமல் வைப்பது, மறுபடி வர வேண்டிய நாள்.

அடுத்தது செய்யக்கூடியது. பெரும்பாலும் நாம் இதை வாயால் கேட்டே முடித்துவிடுகிறோம். “தெரியுமாம்மா?” என்றால் “தெரியுங்க” என்பார். வாயால் கேட்பதை விட்டுச் செய்யச் சொல்லிப் பாருங்கள். காலி சிரிஞ்ச் ஒன்றைக் கையில் கொடுத்து, 16-க்கு இழுக்கச் சொல்லுங்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைச் சுருக்கினால் பார்வையில் குறை. பன்னிரண்டு வருடச் சர்க்கரை என்றால் கண்புரையோ விழித்திரைக் கோளாறோ இருக்கக் கூடும். டிஸ்சார்ஜுக்கு முன்பே கண் பிரிவுக்கு அனுப்பச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். கோடு தெரிந்தும் பிஸ்டனைப் பிடித்து இழுக்க முடியாமல் விரல் தடுமாறினால் குறை கையில். இரண்டும் சரியாகச் செய்துவிட்டுச் சிரிஞ்சைத் திருப்பி உங்களிடமே நீட்டினால் அது பயம். பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பை வளைத்துக் காலைத் தூக்கி மடியில் போட முடிகிறதா? 10 கிராம் மோனோஃபிலமெண்ட் (பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்கும் நைலான் இழை) வைத்துத் தொட்டால் எத்தனை இடத்தில் தெரிகிறது? இந்தச் சோதனை முழுவதற்கும் பத்து நிமிடம்தான் ஆகும்.

சுயபராமரிப்பு ஆற்றலின் கூறுகளாகப் பாடத்தில் பத்து வரும். வார்டில் அதை நான்காகச் சுருக்கிக்கொள்ளலாம்: தெரியவில்லையா, உடம்பு ஒத்துழைக்கவில்லையா, மனம் ஒப்பவில்லையா, வசதி இல்லையா. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. தெரியாததைக் கற்றுக்கொடுக்கலாம். முடியாததற்குக் கருவியோ துணையோ வேண்டும். மனம் ஒப்பாததற்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். வசதி இல்லாததற்கு அரசுத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையம், அக்கம்பக்கம் என்று வழி தேட வேண்டும்.

“எனக்கு ஊசியெல்லாம் வராது” என்ற பேச்சு இந்த நான்கில் எதில் சேரும் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். “எது வராதுன்னு நினைக்கிறீங்க? அளவு எடுக்கவா, குத்தவா?” என்று கேளுங்கள். நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு: இன்சுலின் போட்டாலே கடைசிக் கட்டம் என்ற எண்ணம். தெருவில் இன்சுலின் போட்ட ஒருவருக்குக் கால் எடுத்திருப்பார்கள். இவரும் அதையே நினைத்துக்கொண்டிருப்பார். நோய் முற்றிய பிறகுதான் அவருக்கு இன்சுலின் தொடங்கினார்கள், கால் போனது நோயால், இன்சுலினால் அல்ல என்பதை நீங்கள் சொல்லாமல் அந்த அம்மாவின் கை ஊசியைத் தொடாது. நோயாளி தன்னைப் பற்றிய எண்ணத்தை நோய்க்கேற்ப மாற்றிக்கொள்வதையும் ஓரெம் ஒரு தேவையாகவே வைத்திருக்கிறார். வார்டில் அதிகம் விட்டுப்போவது அதுதான். மலைச் சரிவில் கூடை சுமந்து வாழ்ந்தவருக்கு ‘இனி எதுக்கும் ஆகமாட்டேன்’ என்று தோன்றிவிட்டால், நீங்கள் சொல்லிக்கொடுக்கும் எதுவும் வீடு வரை போய்ச் சேராது.

இப்போது நேரக் கணக்கு. நான்கு நாள், நாளுக்கு இரண்டு ஊசி, ஆக எட்டு ஊசி. அந்த எட்டையும் எப்படியும் நீங்கள் போடத்தான் போகிறீர்கள். தனியாக வகுப்பு வேண்டாம். அந்த எட்டையே வகுப்பாக்குங்கள். முதல் இரண்டை நீங்கள் போடுங்கள். ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுங்கள், குப்பியை அவர் பிடித்திருக்கட்டும். மூன்றும் நான்கும்: மருந்தை அவர் ஏற்றட்டும், நீங்கள் குத்துங்கள். ஐந்தும் ஆறும்: அவர் கையின் மேல் உங்கள் கை. ஏழும் எட்டும்: முழுக்க அவரே, நீங்கள் பேசாமல் பக்கத்தில் நில்லுங்கள். இந்த இரண்டில் ஒன்றுக்காவது மருமகளோ மகனோ கூட இருக்கும்படி நேரம் பாருங்கள். இப்படிச் செய்தால் ஓர் ஊசிக்குக் கூடுதலாக மூன்று நான்கு நிமிடம் ஆகலாம். கடைசி இரண்டில் உங்கள் வேலை குறைந்தும் போகும். செவிலியரும் நோயாளியும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் ‘பாதி ஈடுசெய்யும் முறை’யிலிருந்து, நோயாளியே செய்ய, செவிலியரிடமிருந்து ஆதரவும் கற்பித்தலும் மட்டுமான முறைக்கு நகர்வது என்று நீங்கள் படித்தது இதுதான்.

அந்த முறைகள் நோயாளிக்கு நோயாளி மாறுவதாக நினைக்க வேண்டாம். ஒரே நோயாளிக்குள்ளேயே செயலுக்குச் செயல் மாறும். அந்த அம்மாவுக்குப் புண்ணைக் கட்டுவது இன்றைக்கு முழுக்க உங்கள் வேலை. ஊசியில் இருவருக்கும் பங்கு. சர்க்கரை தாழ்வதை அடையாளம் காண்பதில் கற்பித்தல் மட்டும். கேர் பிளானில் ஒவ்வொரு செயலுக்கும் எதிரே யார் செய்கிறார் என்று எழுதி, நாள்தோறும் அடித்துத் திருத்துங்கள்.

ஊசியில் எங்கே தவறு வரும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து இருப்பது இங்கேதான். நம் அரசு மருத்துவமனைகளிலும் பெரும்பாலான மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் குப்பி, மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் போடும் இன்சுலினும் சில குப்பிகளும் மில்லிக்கு 100 யூனிட். 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 16 கோடு எடுத்தால் உள்ளே போவது ஆறரை யூனிட்கூட இருக்காது. மாறாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 16 கோடு எடுத்தால் போவது 40 யூனிட், இரண்டரை மடங்கு. முதல் தவறில் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், இரண்டாவதில் ஆளே மயங்கிவிடுவார். எழுத்துத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும். “செவப்பு மூடி இல்லைன்னா வாங்காதீங்க, கடைக்காரர் என்ன சொன்னாலும்” என்று அவரிடமும் மகனிடமும் சொல்லுங்கள். தீர்ந்த சிரிஞ்சின் மூடியையும் காலிக் குப்பியையும் மாதிரிக்குக் கையோடு கடைக்கு எடுத்துப் போகட்டும்.

30/70 பால் போன்ற மருந்து. அடியில் படிந்து நிற்கும். உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து, முழுவதும் ஒரே வெண்மை ஆன பிறகே எடுக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்து அளவு தப்பும். உருட்டாமலே எடுத்தால் ஒருநாள் மேலே நிற்கும் தெளிவும் இன்னொரு நாள் அடியில் தங்கிய கெட்டியும் போகும். சர்க்கரை தாறுமாறாக ஆடும், காரணம் யாருக்கும் பிடிபடாது. உருட்டியும் கட்டியாகவோ துகளாகவோ தெரிந்தால் அந்தக் குப்பி வேண்டாம். 16 யூனிட் காற்றை முதலில் குப்பிக்குள் செலுத்தி, குப்பியைக் கவிழ்த்து, 16 எடுத்து, குமிழ் இருந்தால் தட்டி வெளியேற்ற வேண்டும். தொப்புளிலிருந்து நாலு விரல் தள்ளி, தோலை மடித்துப் பிடித்துக் குத்தி, மருந்து முழுதும் போனபின் பத்து எண்ணி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. அடுத்த ஊசி முந்தைய இடத்திலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளி இருக்கட்டும். குத்திய இடத்திலேயே குத்தினால் அங்கே கொழுப்புக் கட்டி விழும், வலியும் குறையும்; வலிக்கவில்லை என்பதாலேயே எல்லோரும் அங்கேயே குத்துவார்கள். அந்தக் கட்டியிலிருந்து மருந்து ஒழுங்காக ரத்தத்தில் சேராது. அந்த அம்மாவுக்கு வயிறே நல்லது. தொடையில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினால் மருந்து வேகமாக இழுக்கப்பட்டுச் சர்க்கரை சட்டென்று தாழும்.

இந்த வகை மனித இன்சுலின் கலவை போட்டு அரை மணியில் சாப்பிட வேண்டும். மலை வீடுகளில் காலை எப்படிப் போகும் என்று கேட்டறியுங்கள். இருட்டிலேயே எழுந்து ஒரு டீயைக் குடித்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் சாப்பிடும் பழக்கம் இருந்தால், எழுந்ததும் ஊசி என்று சொல்லி அனுப்புவது ஆபத்து. ‘களியோ சோறோ வெந்து அடுப்பிலிருந்து இறங்கிய பிறகுதான் ஊசி’ என்று சாப்பாட்டோடு முடிச்சுப் போட்டுச் சொல்லுங்கள். கடிகாரத்தைவிட அது நன்றாக நினைவில் நிற்கும்.

சர்க்கரை தாழ்வதன் அறிகுறி: கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, படபடப்பு, கண் மங்கல், சம்பந்தமில்லாத பேச்சு. ஏற்காட்டுக் குளிரில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு வியர்த்தால் அதை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அது சுமார் 15 கிராம். பதினைந்து நிமிடம் பார்த்து, தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் ஏதாவது சாப்பாடு. பிஸ்கட் மட்டும் கொடுத்தால் ஏற நேரமாகும். ‘சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரையா’ என்று வீட்டில் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை நீங்கள்தான் முன்கூட்டியே உடைக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். பகலில் மகனும் மருமகளும் இல்லை என்பதால் பக்கத்து வீட்டில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் நாளுக்கென்று ஒன்று. காலையில் ஊசி போட்டு, சாப்பிட்டு, உடனே பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளில் சாப்பிட்டதெல்லாம் வாந்தியானால், உள்ளே மருந்து இருக்கும், சோறு இருக்காது. முன் சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். சர்க்கரைப் பொட்டலமும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

ஃபிரிட்ஜ் இல்லை என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மில்லி குப்பியில் 400 யூனிட். நாளுக்கு 26 யூனிட் என்றால் பதினைந்து நாளில் தீர்ந்துவிடும். திறந்த குப்பி 30 டிகிரிக்குள் இருந்தால் நான்கு வாரம் வரை வெளியில் தாங்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் இது பெரிய சிக்கலே இல்லை. வைக்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். அடுப்பு மேடைப் பக்கம் வேண்டாம், விளக்கேற்றும் மாடம் வேண்டாம், தகரக் கூரை போட்ட லைன் வீடு என்றால் உயரமான பரண் வேண்டாம். மூடியுள்ள டப்பாவில் போட்டு, சுவரோரம் நிழலில் தரை மட்டத்தில் வைக்கலாம். வெயில் காலத்தில் ஒரு மண் பானைக்குள் சிறு பானை வைத்து, இடையில் மணல் நிரப்பி, மணலை ஈரமாக வைத்துக்கொண்டால் போதும். திறக்காத குப்பிக்குத்தான் 2 முதல் 8 டிகிரி தேவை. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு மூன்று குப்பிகளைக் கொடுத்தனுப்பாமல் ஒவ்வொன்றாக வாங்கும்படியோ, மீதியை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஃபிரிட்ஜ் உள்ள வீட்டிலோ வைக்கும்படியோ ஏற்பாடு செய்யுங்கள். சேலத்திலிருந்து மேலே கொண்டு போகும்போது ஏப்ரல், மே வெயிலில் பஸ் ஜன்னலோரம் பையை வைப்பதும், ஐஸ் கட்டியோடு ஒட்டி வைப்பதும் மருந்தைக் கெடுக்கும். உறைந்த இன்சுலின் மறுபடி உருகினாலும் உதவாது.

இதையே குகையிலோ அம்மாப்பேட்டையிலோ குழித்தறியில் நெய்யும் ஒருவருக்கு எழுதிப் பாருங்கள். அதே நோய், அதே வயது, அதே மருந்து. மெல்லிய இழையை நாளெல்லாம் பார்த்துப் பிடித்த கை, ஊசியை இரண்டாம் தடவையிலேயே கற்றுக்கொள்ளும். ஆனால் கோடையில் 38, 40 டிகிரி தொடும் ஊரில் இன்சுலினை வைப்பதுதான் அவருக்குத் தலைவலி. ஃபிரிட்ஜோ ஈரப் பானையோ கட்டாயம். கால்? தறிக்குழிக்குள் வெறுங்காலால் மிதிகட்டையை மிதித்துக்கொண்டே இருப்பார். உணர்ச்சி குறைந்த பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருக்கும். மிதிகட்டைக்கு மெத்தையாகத் துணி சுற்றி, மதியம் ஒருமுறையும் தறியை விட்டு எழும்போது ஒருமுறையும் பாதத்தைப் பார்க்க வேண்டும். வயது, வாழும் முறை, சுற்றுச்சூழல், குடும்பம், கையிருப்பு என்று ஓரெம் அடுக்கும் அடிப்படைக் காரணிகளைப் படிவத்தின் மேல்பகுதியில் நிரப்பிவிட்டு மறந்துவிடுகிறோம். பராமரிப்புத் திட்டமே அவற்றிலிருந்துதான் வர வேண்டும்.

மலைக்குத் திரும்புவோம். உள்ளங்கால் புண் ஆறுவது மருந்தைவிட எடை விழாமல் இருப்பதைப் பொறுத்தது. எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு (பாதத்துக்கு மெத்தென்று இருக்கும் நுண்துளை ரப்பர் செருப்பு), குதிகால் வார் உள்ளதாக, வீட்டுக்குள்ளும் போட வேண்டும். கழிப்பறை எங்கே, எத்தனை படி இறங்கிப் போக வேண்டும் என்று கேளுங்கள். குளிர் இரவில் அடுப்பங்கரையில் காலை நீட்டிக் காய்வதும், வெந்நீரில் காலை வைப்பதும் மலையில் சாதாரணப் பழக்கம். உணர்ச்சி இல்லாத பாதம் வெந்தாலும் தெரியாது. மறுநாள் கொப்புளம் பார்த்துத்தான் தெரியும். ‘கால் காயக் கூடாது’ என்று மட்டும் சொன்னால் குளிருக்கு அவர் என்ன செய்வார்? இறுக்கமில்லாத பருத்தி அல்லது கம்பளிக் காலுறையைச் சொல்லுங்கள். புண் ஆறிய பிறகு கழுவி, விரல் இடுக்கை ஒற்றித் துடைத்து, இடுக்கு தவிர மற்ற இடத்தில் எண்ணெய் தடவலாம். கம்பூட்ஸ் போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். கட்டு நனைந்து நாறினாலோ, சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே வர வேண்டும்.

ஓய்வைப் பற்றிப் பேசும்போது கூலியைப் பற்றியும் பேசியாக வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலம்; அப்போது படுத்திருந்தால் வருமானம் போகும். புண் ஆறும் முன்பே கூடையை எடுத்துவிடுவார். அது அறியாமையால் அல்ல, வயிற்றுப்பாட்டால். கொட்டை பொறுக்கித் தரம் பிரிப்பது போல உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றித் தர முடியுமா என்று மகன் தோட்டத்தில் கேட்கட்டும். அதற்கு மருத்துவர் கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்கிக் கொடுங்கள். “சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க” என்று நோயாளியைக் குறைசொல்லும் முன் இதையெல்லாம் பார்த்திருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

சாப்பாட்டில் நீண்ட தடைப் பட்டியல் வேண்டாம். ராகிக் களி நல்லதுதான், ஆனால் உருண்டையின் அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கூடக் கீரையும் பருப்பும் சேர்க்கச் சொல்லுங்கள். உடம்பு முடியாதவர்களுக்கு நம் பக்கம் ஜவ்வரிசிக் கஞ்சி வைத்துக் கொடுப்பது வழக்கம். அது வெறும் மாவுச்சத்து, சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றும். காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாத நாளில் ஊசியை நிறுத்துவதா குறைப்பதா என்று அவராக முடிவெடுக்கக் கூடாது. யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்ற எண்ணைப் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

குடும்பத்தைப் பற்றி. ஓரெமின் கோட்பாடு தனிமனிதரை நடுவில் வைத்தாலும், இன்னொருவர் செய்யும் சார்புப் பராமரிப்புக்கும் அதில் இடம் இருக்கிறது. கண் தெரியாத ஓர் அம்மா, ‘அளவை மருமக எடுத்துத் தரட்டும், நான் குத்திக்கிறேன்’ என்றால் அது தோல்வி இல்லை, முழுமையான திட்டம். ஆனால் ‘மருமகள் பார்த்துக்கொள்வார்’ என்று எழுதுவது திட்டமாகாது. மருமகளின் நேரம், கை, பயம், விருப்பம் எல்லாவற்றையும் அதே நான்கு கேள்வியால் எடைபோட வேண்டும். மகனை ஏன் கேட்கவில்லை என்பதையும் யோசியுங்கள். பார்வைதான் சிக்கல் என்றால் பேனாவைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். எண் பெரிதாகத் தெரியும், திருப்பும்போது ‘டிக்’ என்று கேட்கும். ஒலியை மட்டும் நம்பி அளவு வைக்கக் கூடாது.

எழுதும் விதம். ‘அறிவுக் குறைவு’ என்பதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: ‘மங்கிய பார்வையால் சிரிஞ்சின் 16-ஆம் கோட்டைப் பிரித்தறிய இயலவில்லை, அளவு எடுப்பதில் குறை. மருமகள் அளவு எடுக்கிறார், நோயாளி தானே குத்திக்கொள்கிறார். கண் பரிசோதனைக்குப் பரிந்துரை கேட்கப்பட்டது.’ மறுநாள்: ‘ஐந்தாம் ஊசி. அளவு சரி. உருட்ட மறந்தார், நினைவூட்டியதும் செய்தார்.’ அடுத்த ஷிஃப்டில் வருபவர் எங்கிருந்து தொடர வேண்டும் என்று இதைப் படித்தே தெரிந்துகொள்வார். புரிந்ததா என்று கேட்பதை விட்டு, “வீட்டுக்குப் போனதும் மருமகளுக்கு எப்படிச் சொல்வீங்க, எங்கிட்டச் சொல்லுங்க” என்று கேளுங்கள். தடுமாறும் இடம் தெரிந்துவிடும்.

வெளியே அனுப்பும்போது ஒரு பக்கத்தில், எந்தச் செயல் யார் பொறுப்பு, எது இன்னும் பாக்கி என்று எழுதி, அவர் ஊருக்கான ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொடுத்தனுப்புங்கள். 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டுவருகிறார்கள். அந்த அம்மாவின் பெயர் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே விசாரித்துவிடுங்கள். பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, அங்கேயே ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த அந்தப் பெரியவரிடம் மறுபடி பாடம் எடுக்க வேண்டாம். வயிற்றைத் தடவிப் பாருங்கள், கட்டி இருக்கிறதா. சிரிஞ்சையும் குப்பியையும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள்; மூடி என்ன நிறம், குப்பியில் எத்தனை யூனிட் என்று போட்டிருக்கிறது, திறந்து எத்தனை நாள் ஆகிறது, எங்கே வைத்திருந்தார்கள். உங்கள் எதிரிலேயே அளவு எடுக்கச் சொல்லுங்கள், உருட்டுகிறாரா என்று பாருங்கள். கணக்குப்படி தீர்ந்திருக்க வேண்டிய குப்பியில் இன்னும் மருந்து மிச்சம் இருந்தால், எந்த வேளை ஊசி விட்டுப்போகிறது, ஏன் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.